வேம்புப் பக்கத்து கேம்: பெரிய சேர்வ்காரத் தம்பியை அண்ணை எப்பிடி வெண்டவர்

போன ஓகஸ்ட் மாசம் எங்கட கோர்ட்டில நடந்த ஒரு டென்னிஸ் மேட்ச்சை முழுசா எழுதி வைக்கோணும் எண்டு அண்டைக்கே நினைச்சனான். ஸ்கோர் எழுதினது நான்தான், ஒவ்வொரு பொயின்டுக்கும் கோடு போட்ட கொப்பி இப்பவும் கையில இருக்கு, பிறகு விளையாடின ரெண்டு பேரோடயும் தனித்தனியா இருந்து கதைச்சும் இருக்கிறன். முடிவு 3-6, 6-3, 7-5. தோத்தவர் 25 வயசுத் தம்பி, ஆறடி நாலு அங்குலம், கொழும்பில வேலை, லீவுக்கு திருகோணமலைக்கு அம்மாட்ட வந்தவர், அவர் சேர்வ் பண்ண, அதாவது முதல் பந்தை அடிச்சுப் பொயின்டைத் தொடங்க நிண்டால் வேலிக்குப் பின்னால நிக்கிற சின்னப் பெடியளே ரெண்டு அடி பின்னுக்குப் போவாங்கள். வெண்டவர் 46 வயசு, டவுனில ஹார்ட்வெயார் கடை வைச்சிருக்கிற அண்ணை, ஐஞ்சடி ஆறு அங்குலம்தான் இருப்பார், இருபது வருசமா அதே சேர்வ், அதே பேக்ஹாண்ட் ஸ்லைஸ் (புறங்கைப் பக்கத்தால பந்தைச் சீவி விடுறது), நீங்கள் எவ்வளவு அடிச்சாலும் பந்து திரும்பி வரும், அவ்வளவுதான் அவர்ர ஆட்டம்.

மேட்ச் முடிஞ்ச உடன பாத்துக்கொண்டிருந்த ஆக்கள் ரெண்டு காரணம் சொன்னவை. ஒண்டு, தம்பி களைச்சுப்போனார். மற்றது, அண்ணைக்கு அண்டைக்கு அதிர்ஷ்டம். எனக்கு ரெண்டும் மனசுக்குப் பிடிக்கேல்ல. தம்பி கடைசி கேம் வரைக்கும் ஓடினவர், மூச்சு வாங்கினது அண்ணைதான். அதிர்ஷ்டம் எண்டால் நெட்டில பட்டு விழுற பந்து, அப்பிடி அண்ணைக்கு விழுந்தது முழு மேட்ச்சிலயும் ஒரே ஒரு தரம். நான் கொப்பியைத் திருப்பித் திருப்பிப் பாத்ததில எனக்கு விளங்கினது வேற. தம்பியின்ர சேர்வை அண்ணை வெல்லவே இல்லை. தம்பி சேர்வ் பண்ணின கேம்களில மேட்ச் முழுக்க மூண்டே மூண்டைத்தான் அவர் எடுத்தவர், அந்த மூண்டும் ஒரே பக்கத்தில வந்த கேம்கள், அதைத் தெரிஞ்சுதான் எடுத்தவர். மிச்ச கேம்களை அவர் விட்டுக்கொடுத்தார் எண்டே சொல்லலாம்.

இது விளங்கோணும் எண்டால் முதல் கோர்ட்டையும் காத்தையும் சொல்லோணும். ஓர்ஸ் ஹில் பக்கம் இருக்கிற பழைய சீமெந்து கோர்ட், வடக்குத் தெற்கா போட்டது, தெற்குப் பக்கம் ஒரு மதில், வடக்குப் பக்கம் ஒரு பெரிய வேப்பமரம், நாங்கள் மதில் பக்கம், வேம்புப் பக்கம் எண்டுதான் சொல்லுறது. ஓகஸ்டில இங்க கச்சான் காத்து எண்டு திருகோணமலை ஆக்களுக்குச் சொல்லத் தேவையில்லை, வைகாசியில தொடங்கி தென்மேற்கில இருந்து காய்ஞ்சு சுட்டு வரும், உடுப்புக் காயப்போட்டால் அரை மணித்தியாலத்தில காயும், கொடியில இருந்து பறந்து அடுத்த வளவுக்கும் போகும். கோர்ட்டில அது மதில் பக்க மூலையால வந்து வேம்புப் பக்கமா குறுக்கா அடிக்கும். அதால மதில் பக்கம் நிண்டு சேர்வ் பண்ணுற ஆளுக்கு காத்து இடது பின்பக்கத்தில இருந்து தள்ளும், வேம்புப் பக்கம் நிக்கிறவருக்கு வலது முன்பக்கத்தில இருந்து முகத்தில அடிக்கும்.

இதில ஆக்கள் நினைக்கிறது காத்து பந்தின்ர வேகத்தைக் குறைக்கும் எண்டு. குறைக்கும்தான், ஆனா பெரிய சேர்வ்காரருக்கு அது சின்ன விசயம். பெரிய விசயம் என்னெண்டால் பந்தை மேல எறியிறது. உயரமான ஆள், கையும் நீளம், பந்தை நல்ல உயரத்துக்கு எறிஞ்சு அது இறங்கேக்க அடிக்கிறவர், அந்தப் பந்து காத்தில நிக்கிற நேரம் கூட. மதில் பக்கத்தில எறியிற பந்தை கச்சான் முன்னுக்கும் வலதுக்கும் தள்ளும், அது வலக்கைக்காரருக்கு வரப்பிரசாதம், அப்பிடியே உடம்பை உள்ளுக்கு விட்டு அடிக்கலாம். வேம்புப் பக்கத்தில அதே பந்து பின்னுக்கும் இடதுக்கும் போய் தலைக்கு மேல நிக்கும். முதுகை வளைச்சு அடிக்கோணும், அடிச்சாலும் பாரம் உள்ளுக்குப் போகாது, ஒண்டில் பந்து நீளமா கோட்டைத் தாண்டிப் போகும் இல்லாட்டி சும்மா எழும்பி வரும். அண்ணையின்ர சேர்வ் எப்பவும் தோள் உயரத்துக்கு கொஞ்சம் மேல எறிஞ்சு சட்டெண்டு தட்டுற சேர்வ், காத்து அதைத் தொடுறதுக்கு நேரமே இல்லை.

முதல் செட். டொஸ் வெண்டு தம்பி சேர்வ் எடுத்தவர், மதில் பக்கத்தில இருந்து. முதல் கேம் நாலு சேர்வ், நாலு பொயின்ட், அண்ணையின்ர மட்டையில பட்டது ஒரு பந்து, அதுவும் வேலிக்கு மேலால போனது. அண்ணை பேஸ்லைன்ல, அதுதான் பின் கோட்டில, நிண்டு முழு வீச்சு வீசினவர், அவருக்கு பழக்கம் அதுதான், எங்களோட விளையாடேக்க அது காணும். தம்பி செட் முழுக்க ஐஞ்சு கேம் சேர்வ் பண்ணினவர், மொத்தம் 25 பொயின்ட், அதில அண்ணை எடுத்தது 5.

ஆனா அந்த செட்டை அண்ணை தோத்தது அங்க இல்லை. அவர் தோத்தது தன்ர சேர்வில, நாலாவது கேம்ல. ரெண்டு தரம் அப்பிடி அடி வாங்கின பிறகு தானும் கொஞ்சம் பெலமா அடிக்கோணும் எண்டு அவருக்கு மனசில ஒரு எண்ணம் வந்திருக்கு, இதை அவரே பிறகு எனக்குச் சொன்னவர். முதல் சேர்வை இறுக்கி அடிச்சார், நெட். ரெண்டாவதையும் கொஞ்சம் இறுக்கினார், நெட். அந்த ஒரு கேம்லயே ரெண்டு டபுள் ஃபோல்ட் (ஒரு பொயின்டுக்குக் கிடைக்கிற ரெண்டு சேர்வும் பிழைச்சு பொயின்ட் போறது), கேம் போச்சு, செட்டும் அதோட போச்சு. பெரிய சேர்வ்காரரோட விளையாடுற ஆக்களில முக்கால்வாசிப்பேர் விழுறது இந்தக் குழியிலதான், எதிராளியின்ர சேர்வ் அதைத் திருப்பி அடிக்கிற எங்கட ரிட்டர்னைக் கெடுக்கிறதை விட எங்கட சேர்வைத்தான் கூடக் கெடுக்கும், ஏனெண்டால் என்ர கேம் போனால் திருப்பி எடுக்க ஏலாது எண்ட பயம் ஒவ்வொரு பொயின்ட்லயும் வந்து நிக்கும். 2009 விம்பிள்டன் பைனல்ல பெடரர் பெரிய சேர்வ்காரர் ரொடிக்கோட விளையாடேக்க முழு மேட்ச்சிலயும் ரொடிக்கின்ர சேர்வை உடைச்சது, அதாவது அவர் சேர்வ் பண்ணின கேமை எடுத்தது, ஒரே ஒரு தரம், அதுவும் 77வது கேம்ல, அதோட மேட்ச் முடிஞ்சது, ஐஞ்சாவது செட் 16-14. அவ்வளவு நேரமும் பெடரர் உடைக்க ஏலாமல் இருந்தும் தன்ர சேர்வை ரெண்டே ரெண்டு தரம் தவிர விடாமல் வைச்சிருந்தார் எண்டதுதான் எனக்கு அந்த மேட்ச்சில பெரிசு. எங்கட அண்ணை முதல் செட்டில செய்யாமல் விட்டது அதைத்தான்.

செட் முடிஞ்சு பக்கம் மாறேக்க அண்ணை கதிரையில இருந்து தண்ணி குடிச்சுக்கொண்டு என்னட்ட ஒரு கேள்வி கேட்டவர். "அவர் வேம்புப் பக்கம் நிண்டு சேர்வ் பண்ணின ரெண்டு கேம்லயும் எத்தினை முதல் சேர்வ் உள்ளுக்கு விழுந்தது எண்டு பார்" எண்டார். நான் எண்ணிப் பாத்தன். மதில் பக்கத்தில பத்துக்கு ஏழு விழுந்திருக்கு, வேம்புப் பக்கத்தில பத்துக்கு நாலுதான். அண்ணை ஒண்டும் சொல்லேல்ல, தலையை ஆட்டிப்போட்டு எழும்பிப் போனவர். ஸ்கோரைப் பாத்தால் எல்லா கேமும் ஒரே மாதிரித்தான் தெரியும், தம்பி ஐஞ்சையும் சுகமா எடுத்தவர், ஆனா உள்ளுக்கு ரெண்டு வேற வேற சேர்வ்காரர் இருந்திருக்கினம், அதை அண்ணை அடி வாங்கி வாங்கியே கண்டுபிடிச்சிருக்கிறார்.

இன்னொரு கணக்கு இங்க முக்கியம். ஒற்றைப்படை கேம் முடிய பக்கம் மாறுறது எல்லாருக்கும் தெரியும், ஆனா அதால என்ன நடக்குது எண்டால் ஒரு ஆளின்ர சேர்வ் கேம்கள் ஒண்டு விட்டு ஒண்டு பக்கம் மாறி வரும். முதல் செட்டில தம்பி 1, 5, 9வது கேம் மதில் பக்கம், 3, 7வது கேம் வேம்புப் பக்கம். அப்ப ஒரு செட்டில அவருக்கு காத்து முகத்தில அடிக்கிற கேம் ரெண்டு இல்லாட்டி மூண்டுதான் வரும், ஒரு செட்டை எடுக்க எனக்கு அதில ஒண்டு காணும், ஆனா என்ர எல்லாத்தையும் நான் வைச்சிருக்கோணும். அண்ணை ரெண்டாவது செட்டுக்குப் போனது இந்தக் கணக்கோடதான். ரெண்டாவது செட்டில அந்த கேம்கள் 4, 8.

ரெண்டாவது செட்டில அண்ணை மூண்டு விசயம் மாத்தினவர். முதலாவது, நிக்கிற இடம். முதல் சேர்வுக்கு பேஸ்லைனில இருந்து ரெண்டு மீட்டருக்கு மேல பின்னுக்குப் போனார். இது பயந்து போறது மாதிரித் தெரியும், வேலிக்குப் பின்னால ஒரு பெடியன் சிரிச்சவன் கூட. ஆனா மட்டையை விட்டுக் கிளம்பின வேகத்தில ஏறத்தாழ பாதிதான் எங்களிட்ட வந்து சேரும், காத்தின்ர எதிர்ப்பு கொஞ்சம் தின்னும், நிலத்தில குத்தேக்க இன்னும் கொஞ்சம் போகும், குத்தின பிறகு ஒவ்வொரு மீட்டரும் எங்களுக்குத்தான் லாபம். 2017 யூஎஸ் ஓபன் பைனல்ல நடால் ஆறடி எட்டு அங்குல அன்டர்சனுக்கு எதிரா எவ்வளவு பின்னுக்குப் போய் நிண்டவர் எண்டு பாத்த ஆக்களுக்குத் தெரியும், மூண்டு செட்டில 6-3, 6-3, 6-4. நட்டமும் இருக்கு, பின்னுக்குப் போகப் போக வெளியால போற சேர்வுக்கு கூட ஓடோணும், அதைத் தம்பி மூண்டாவது செட்டில கண்டுபிடிச்சவர், அதைப் பிறகு சொல்லுறன்.

ரெண்டாவது, வீச்சு. இதுதான் எனக்கு மேட்ச்சிலயே வடிவான மாற்றம். அண்ணை மட்டையை பின்னுக்குக் கொண்டு போறதை விட்டிட்டார். தோளை மட்டும் திருப்பி, மட்டையை முன்னுக்கு வைச்சு, பிடியை இறுக்கி, வாற வேகத்திலயே பந்தைத் திருப்பி விட்டார், கோர்ட்டின்ர நடுவால, ஆழமா. மூலைக்கு அடிக்கவே இல்லை. ஏன் நடு? நடுவில நெட் தாழ்வு, 91 சென்டிமீட்டர்தான், ஓரத்தில 1 மீட்டர் 7 சென்டிமீட்டர். அதோட நடுவால ஆழமா வாற பந்தில இருந்து எதிராளிக்கு கோணம் கிடையாது. அதோட இன்னொண்டு, உயரமான ஆளுக்கு உடம்புக்கு நேர வாற பந்து பெரிய கரைச்சல், காலை நகத்தி இடம் எடுக்கோணும், தம்பியின்ர கால் அதுக்குப் பழகேல்ல, ஏனெண்டால் அவர்ர சேர்வ் திரும்பி வந்தே பழக்கமில்லை. 2016 விம்பிள்டன் பைனல்ல ரவோனிச் மணிக்கு 147 மைல் வேகத்தில ஒரு சேர்வ் அடிச்சவர், மரே அதைத் திருப்பிப் போட்டு அந்தப் பொயின்டையே எடுத்தவர். அந்த ரிட்டர்ன் ஒண்டும் பெரிய அடி இல்லை, பந்து உள்ளுக்கு வந்தது, அவ்வளவுதான், அதுக்குப் பிறகு ரவோனிச் விளையாட வேண்டி வந்தது.

மூண்டாவது, தன்ர சேர்வ். வேகத்தைக் குறைச்சுப்போட்டார். முதல் சேர்வையே முக்கால் வேகத்தில தம்பியின்ர இடுப்புக்கு நேர போட்டார், எதிராளி தொடவே ஏலாத ஏஸ் ஒண்டும் இல்லை, ஆனா தம்பிக்கு கை நீட்டி அடிக்க ஒரு பந்தும் கிடைக்கேல்ல. பிறகு ஸ்லைஸ், தாழ்வா, முழங்காலுக்குக் கீழ. சீமெந்தில ஸ்லைஸ் வழுக்கிக்கொண்டு போகும், ஆறடி நாலு அங்குலத்தை ஒவ்வொரு பந்துக்கும் குனிய வைச்சார்.

நாலாவது கேம்தான் முதல் வேம்புப் பக்க கேம். நாலு டியூஸ் (40-40 சமநிலை), 14 பொயின்ட், பன்ரெண்டு நிமிசம் போனது. அண்ணைக்கு ரெண்டு பிரேக் பொயின்ட், எடுத்தால் தம்பியின்ர சேர்வ் உடையிற பொயின்ட், கிடைச்சது, ரெண்டையும் தம்பி பெரிய சேர்வால காப்பாத்தினவர், கேமும் தம்பிக்குத்தான். பாத்துக்கொண்டிருந்த ஆக்கள் "சரி அண்ணையின்ர சான்ஸ் போச்சு" எண்டு தேத்தண்ணிக்கு எழும்பிட்டினம். எனக்கு அந்த இடத்திலதான் மேட்ச் திரும்பினது எண்டு படுது. தம்பி அந்த கேம்ல கிட்டத்தட்ட முழு செட்டுக்கும் தேவையான சேர்வை அடிச்சு முடிச்சவர், அதோட முக்கியமா, அவர்ர நல்ல சேர்வ் எட்டுப் பத்துத் தரம் திரும்பி வந்ததை அவர் கண்ணால கண்டவர். அதுக்குப் பிறகு அவர் இன்னும் ஓரத்துக்கு, இன்னும் பெலமா அடிக்கத் தொடங்கினார். கோட்டுக்கு கிட்டப் போகப் போக முதல் சேர்வ் வெளிய போறதும் கூடினது.

ஆறாவது கேம், மதில் பக்கம், தம்பி சுகமா எடுத்தார். அண்ணை அந்த கேம்ல ரெண்டு பந்துக்கு ஓடவே இல்லை. அதுக்கு ஒருவர் வெளிய இருந்து "அண்ணை விடாதேங்கோ" எண்டு கத்தினவர். விட்டவர் எண்டுதான் நான் நினைக்கிறன், வேணுமெண்டே விட்டவர், 46 வயசுக் கால் எத்தினை பந்துக்கு ஓடலாம் எண்டு அவருக்குத் தெரியும். எட்டாவது கேம் வேம்புப் பக்கம், 4-3. 30-40ல, அண்ணை இன்னும் ஒரு பொயின்ட் எடுத்தால் கேம் எண்ட இடத்தில, முதல் சேர்வ் நீளம். ரெண்டாவது சேர்வுக்கு அண்ணை பின்னுக்கு நிண்ட இடத்தில இருந்து ஓடி வந்து பேஸ்லைனுக்கு உள்ளுக்கே நிண்டார், பந்து எழும்பேக்கயே தட்டி தம்பியின்ர காலுக்குள்ள போட்டார், தம்பி ஹாஃப் வொலி, குத்தின உடனேயே அடிச்சது, நெட். 5-3, அடுத்த கேம் அண்ணை சேர்வ், 6-3. அந்த செட்டில தம்பியின்ர சேர்வில மொத்தம் 31 பொயின்ட், அண்ணை எடுத்தது 13. பாதி கூட இல்லை, கவனிச்சுப் பாருங்கோ. பாதிக்குக் குறைவா எடுத்தும் செட்டை எடுத்திட்டார், ஏனெண்டால் அந்த 13ல பெரும்பங்கை ரெண்டு கேம்ல குவிச்சு எடுத்தவர்.

நியாயமா ஒரு விசயம் சொல்லோணும், எல்லாத்தையும் அண்ணையின்ர மூளைக்கு எழுத ஏலாது. நாங்கள் முழு மேட்ச்சையும் ஒரே டின்னில இருந்த மூண்டு பந்தாலதான் விளையாடினது. பெரிய போட்டிகளில முதல் ஏழு கேம் முடியவும் பிறகு ஒன்பது கேமுக்கு ஒருக்காவும் புதுப் பந்து குடுப்பினம், அதுக்குக் காரணம் இருக்கு, பந்து அடிபட அடிபட மயிர் எழும்பிப் பொசுபொசுத்து காத்தில இழுபடும், வேகம் குறையும். முதல் செட்டில புதுப் பந்து, தம்பிக்குச் சாதகம். ரெண்டாவது செட்டில பந்து பழசு, அண்ணைக்குச் சாதகம். எவ்வளவு பங்கு எண்டு பிரிச்சுச் சொல்ல எனக்கு வழி இல்லை, ஆனா அதை மறைச்சு எழுதினால் சரியில்லை.

மூண்டாவது செட்டில தம்பியும் யோசிச்சவர், அதை ஒத்துக்கொள்ளோணும். முதல் கேம் மதில் பக்கத்தில இருந்து டியூஸ் பக்கம் (ரிட்டர்ன் பண்ணுறவரின்ர வலது பக்கம்) வெளியால வெளியால போட்டார், அண்ணை பின்னுக்கு நிண்டதால எட்டவே இல்லை, கேம் லவ், அண்ணைக்கு ஒரு பொயின்டும் இல்லை. நான் நினைச்சன் இனி இதுதான் முடிவு எண்டு. மூண்டாவது கேம், வேம்புப் பக்கம், தம்பி அதையே திருப்பிச் செய்ய வந்தார். அந்தப் பக்கத்தில கச்சான் ஸ்லைஸை இன்னும் வெளியால தள்ளும், ஆனா எதிர்க்காத்தில வேகம் கிடையாது. அண்ணை டியூஸ் பக்கத்தில மட்டும் முன்னுக்கு வந்து நிண்டு, பந்து வளைஞ்சு வெளிய போறதுக்கு முதலே குறுக்கால போய்ப் பிடிச்சார். மற்றப் பக்கத்தில பழைய மாதிரி பின்னுக்கு. ஒரே கேம்ல ரெண்டு இடம். அதோட தம்பி பந்தை எறியிற விதத்தையும் அவர் அந்த நேரம் படிச்சு முடிச்சிருந்தவர், வெளியால போடேக்க பந்து கொஞ்சம் வலதுக்குப் போகும், உடம்புக்குப் போடேக்க தலைக்கு நேர நிக்கும், காத்தில அந்த வித்தியாசம் இன்னும் பெரிசாத் தெரியும். அகாசி பிற்காலத்தில ஒரு கதை சொன்னவர், பெக்கர் சேர்வ் பண்ண முதல் நாக்கை எந்தப் பக்கம் நீட்டுறார் எண்டதைப் பாத்து சேர்வ் எங்க வரும் எண்டு கண்டுபிடிச்சதா, பெக்கரிட்ட முதல் மூண்டு மேட்ச் தோத்த ஆள் கடைசியில மேட்ச் கணக்கில 10-4 எண்டு முன்னுக்கு நிண்டவர். சேர்வ் எவ்வளவு பெரிசு எண்டாலும் அதை அடிக்கிறது ஒரு மனுசன், அவருக்கு ஒரு பழக்கம் இருக்கும்.

அந்த கேம் அண்ணைக்கு, பிறகு 4-2 வரைக்கும் போனது. அங்க அண்ணை ஒரு பிழை விட்டவர், எனக்கு இப்பவும் அது கவலை. எட்டாவது கேம், இப்ப அண்ணை வேம்புப் பக்கத்தில சேர்வ், 4-3. வெல்லுற நேரம் வந்திட்டுது எண்டு கையை இழுத்துப்போட்டார். முதல் சேர்வ் நாலு வெளிய, ரெண்டாவது சேர்வ் எதிர்க்காத்தில மெல்லமாப் போய் எழும்பி நிண்டது, தம்பி சும்மா சிப் பண்ணி, மெல்லச் சீவி விட்டுப்போட்டு நெட்டுக்கு ஓடி வந்து மேல இருந்து அடிச்சார், அந்த உயரத்துக்கு நெட்டில நிண்டால் எதால தாண்டுறது? நிதானமா விளையாடுறதும் பயந்து விளையாடுறதும் வெளியில இருந்து பாத்தால் ஒரே மாதிரித்தான் இருக்கும், பந்தின்ர ஆழத்தைப் பாத்தால் தெரியும், அண்ணையின்ர பந்தெல்லாம் அந்த கேம்ல சேர்வ் கோட்டுக்கு கிட்டத்தான் விழுந்தது. 4-4. பேந்து 4-5.

பத்தாவது கேம், தோத்தால் மேட்ச் போகும், அண்ணை மதில் பக்கம் சேர்வ். 30-30ல பந்து நிக்காமல் போய் வந்த ஒரு ரலி, நான் எண்ணினது 23 அடி, ஸ்லைஸ், ஸ்லைஸ், நடு, ஆழம், தம்பி ரெண்டு தரம் நெட்டுக்கு வரப் பாத்து திரும்பிப் போனவர், கடைசியில பேக்ஹாண்ட் வெளிய. அடுத்த பொயின்டும் அண்ணைக்கு. பக்கத்தில இருந்த ஒருவர் "கொஞ்சம் மெல்லமாப் போங்கோ, அவரைக் காக்க வையுங்கோ" எண்டு அண்ணைக்குச் சொன்னவர். அண்ணை கேக்கேல்ல. சேர்வ் பண்ணுறவரின்ர நியாயமான வேகத்துக்கு ரிட்டர்ன் பண்ணுறவர் தயாரா இருக்கோணும் எண்டது விதி, அதுக்கும் மேல, வீட்டுக்கு வந்த பெடியனை அப்பிடி வெல்ல அவருக்கு விருப்பமில்லை.

5-5. பதினோராவது கேம். வேம்புப் பக்கம். தம்பி லைனுக்குப் போகேக்க வேப்பமரத்தை அண்ணாந்து பாத்ததை நான் கண்டனான், கொப்பு எல்லாம் ஒரு பக்கமாச் சாய்ஞ்சு நிண்டது. 15-30ல டபுள் ஃபோல்ட். 15-40ல ஒரு ஏஸ், உண்மையான ஏஸ், அண்ணை மட்டையைத் தட்டிப் பாராட்டினவர். 30-40. தம்பி பந்தை எறிஞ்சு அடிக்காமல் பிடிச்சார், திருப்பியும் எறிஞ்சு பிடிச்சார், மட்டையை வீசாட்டி அது ஃபோல்ட் இல்லை, ஆனா கை சொல்லிப்போட்டுது. முதல் சேர்வ் நீளம். ரெண்டாவது பயந்து பயந்து உள்ளுக்கு வந்தது, அண்ணை அதை அடிக்கவே இல்லை, நடுவால ஆழமாப் போட்டிட்டு நிண்டார். 17 அடி. தம்பியின்ர ஃபோர்ஹாண்ட் நெட்டில.

1992 விம்பிள்டன் பைனலை நான் யூடியூப்பில எத்தினையோ தரம் பாத்திருக்கிறன். இவானிசெவிச் அந்த ஒரு மேட்ச்சில மட்டும் 37 ஏஸ், ஐஞ்சாவது செட் 4-5ல சேர்வ் பண்ண வாறார், கேமைத் தொடங்கினதே ரெண்டு டபுள் ஃபோல்ட்டோட. 37 ஏஸ் அடிச்ச அதே கை. எதிர்ப்பக்கம் அகாசி அந்த ரெண்டு பொயின்டுக்கும் ஒரு பந்தும் தொடேல்ல, ஆனா அந்த ரெண்டையும் அவர்தான் எடுத்தவர் எண்டு நான் சொல்லுவன், அதுக்கு முதல் நாலு செட்டா அவர் திருப்பிப் போட்ட பந்துகளுக்குக் கிடைச்ச கூலி அது. எங்கட கோர்ட்டின்ர பதினோராவது கேம்ல விழுந்த டபுள் ஃபோல்ட்டும் எனக்கு அப்பிடித்தான்.

பன்ரெண்டாவது கேமை அண்ணை அதே வேம்புப் பக்கத்தில, அதே எதிர்க்காத்தில சேர்வ் பண்ணோணும், முதல் உடைஞ்ச இடம். ஆறு பொயின்ட் விளையாடினவை, ஆறும் முதல் சேர்வ் உள்ளுக்கு. மெல்லமான சேர்வ்தான், உடம்புக்கு நேர, ஆனா ரெண்டாவது சேர்வே போடாததால தம்பிக்கு ஏறி வர ஒரு பந்தும் கிடைக்கேல்ல. கேம் அண்ணைக்கு. ரெண்டு பேரும் நெட்டில கை குடுக்கேக்க தம்பி "அண்ணை, உங்களுக்கு அடிச்சு முடிக்க ஏலாது" எண்டார், அண்ணை அவற்ற தோளில கை போட்டு "தம்பி, நீர் இந்தப் பக்கம் நிக்கேக்க கொஞ்சம் தாழ்வா எறியும்" எண்டு அங்கயே சொல்லிக் குடுத்திட்டார். நான் பக்கத்தில நிண்டு பாத்துக்கொண்டு நிண்டனான், மூண்டு செட்டா கண்டுபிடிச்சதை ஒரு வசனத்தில தூக்கிக் குடுத்தவர்.

தம்பி வேற என்ன செய்திருக்கலாம்? எறியிற உயரத்தைக் குறைச்சிருக்கலாம், வேம்புப் பக்க கேம்களில முதல் சேர்வையே முக்கால் வேகத்தில சுழட்டிப் போட்டு நெட்டுக்கு வந்திருக்கலாம், ஏஸ் தேவையில்லை. மூண்டாவது செட்டின்ர எட்டாவது கேம்ல அண்ணையின்ர சேர்வை உடைச்ச மாதிரி ரெண்டாவது செட்டில இருந்தே ஏறி வந்திருந்தால் நான் இந்தக் கட்டுரையை வேற மாதிரி எழுதியிருப்பன் எண்டு நினைக்கிறன். அண்ணையும் அதை ஒத்துக்கொண்டவர்.

மார்கழி லீவுக்கு தம்பி திருப்பி வாறாராம், திருப்பி விளையாடோணுமாம். அப்ப கச்சான் இருக்காது, வாடை வடகிழக்கில இருந்து வரும், மழை விட்டுக் கோர்ட் காய்ஞ்சால் எதிர்க்காத்து மதில் பக்கத்துக்கு மாறியிருக்கும். நான் புதுக் கொப்பி ஒண்டு வாங்கி வைச்சிருக்கிறன், இந்தத் தரம் முதல் சேர்வுகளை பக்கம் பிரிச்சு முதல் கேம்ல இருந்தே கோடு போடப் போறன். அண்ணை கடையைப் பூட்டிப்போட்டு பின்னேரம் ஐஞ்சரைக்கு வந்து ரிட்டர்ன் பழகுறார், மதில் பக்கத்தில நிண்டு நான்தான் சேர்வ் போட்டுக் குடுக்கிறன்.